ஐஸ்கிரீம் பெட்டியில் அறுகம்புல்

போன வெள்ளிக்கிழமை வரைக்கும் என் குசினி யன்னலில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு வனிலா ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அறுகம்புல் வளர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. வெளியே அச்சடித்திருந்த மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துப் பால்கோவா நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற தமிழ் ஆட்கள் அதைக் கண்டால் "பிள்ளையாருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் தேத்தண்ணி குடிப்பார்கள். வெள்ளைக்காரர் வந்தால்தான் வில்லங்கம். என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி அதைக் கண்டு, "உனக்கென்ன விசரா, வீட்டுக்குள் வைத்துக் களையை வளர்க்கிறாய்?" என்று கேட்டாள். ஓம், களைதான். இந்த ஊரில் தோட்டம் செய்கிற யாரிடமாவது இந்தப் புல்லின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கடன்காரனைக் கண்ட மாதிரி முகம் போகும். அந்தப் பெட்டியில் இன்னொரு விசேசமும் உண்டு. அடியில் ஒரு துவாரம்கூடக் கிடையாது. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் சரித்துப் பிடித்து வடிக்க வேண்டும். தந்தவர் தெரிந்துதான் அப்படித் தந்தார்.

எனக்கும் மண்ணுக்கும் ஒரு காலமும் ஒத்துவந்ததில்லை. நகத்துக்குள் மண் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டவர் அத்தான், என் அக்காவின் புருசன். என்னை மெல்பேர்னுக்குக் கூப்பிடுவதற்கு அக்காவைவிட அவர்தான் ஓடித் திரிந்தவர். பிற்காலத்தில் என் கலியாணம் முறிந்து, நான் பிள்ளைகளோடு தனியாக வீடு மாறினபோது, சொந்தக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு புத்திமதியோடு போன் எடுத்தார்கள். அத்தான் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரிடமோ வான் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார், பெட்டிகளை ஏற்றி இறக்கினார், கட்டிலைப் பூட்டித் தந்தார், "சரி பிள்ளை, போட்டு வாறன்" என்று போனார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் வேலையால் வந்து பார்த்தால் வாசல் கைபிடியில் ஒரு பை தொங்கும். கீரை, கத்தரிக்காய், பச்சை மிளகாய், அந்தந்தக் காலத்துக்குக் கிடைக்கிறது. மணி அடிக்கமாட்டார். அடித்தால் நான் தேத்தண்ணி போட எழும்ப வேண்டும், களைத்து வந்திருப்பேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் இருக்கும்போது இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அதெல்லாம் சொல்லுகிற வழக்கமும் இல்லை.

அந்தப் பைகள் வந்த இடம் கிளேட்டனுக்குக் கிட்ட, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற பொதுத் தோட்டம். ஆளுக்கொரு பாத்தி, நடுவில் நடைபாதை, ஒரு தகரக் கொட்டில், பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். பாத்தி கேட்டுக் காத்து நிற்கிறவர்கள் ஏராளம். அத்தான் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது மூடப்பட்ட பிறகு வீட்டில் குந்தியிருக்கப் பிடிக்காமல் பெயரைப் பதிந்து, பொறுமையாகக் காத்திருந்து வாங்கின பாத்தி. கிடைத்த அன்றைக்கு முதன்முதல் என்ன நட்டார் தெரியுமோ? தக்காளி இல்லை, மிளகாய் இல்லை. அறுகம்புல்!

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு அறுகு வைக்காமல் அத்தான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அறுகுக்கு எங்கே போவது என்று திண்டாடியிருக்கிறார். ஒருநாள் பூங்காவில் நடக்கப் போன இடத்தில், கிரிக்கெட் மைதானம் முழுக்க விரிந்து கிடக்கிறது அறுகுதான் என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகென்ன, வெள்ளிக்கிழமை விடியவே போய் மைதானத்தின் நடுவில் குந்தியிருந்து நுனி கிள்ளுவது வழக்கமாகிவிட்டது. மைதானம் பார்க்கிறவன் ஒருநாள் வந்து, பாவம், மனுசன் கண்ணில் போடுகிற லென்சை விழுத்திவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, தானும் குந்தியிருந்து தேடத் தொடங்கினானாம். அத்தானுக்கு உண்மையைச் சொல்ல வெட்கம். இரண்டு பேருமாகக் கொஞ்சநேரம் புல்லைத் தடவிவிட்டு, "கிடைச்சிட்டுது, கிடைச்சிட்டுது" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்தேன் என்பார். இந்தக் கதையை அவர் எடுக்கும்போதெல்லாம் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

ஆகவே சொந்தமாக ஒரு துண்டு மண் கிடைத்ததும் மைதானத்தில் ஒரு கொத்தை வேரோடு கிளப்பிக்கொண்டுபோய்ப் பாத்தியின் மூலையில் நட்டு, சுற்றிவரச் செங்கல் அடுக்கி, தினமும் தண்ணீரும் விட்டார். மற்ற ஆட்கள் எல்லாம் பரம்பரைப் பகை மாதிரி அறுகோடு மல்லுக்கட்டுகிற தோட்டத்தில் இது நடக்கிறது! தோட்டக் குழுவின் தலைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, அதைக் கண்டுவிட்டு இது என்ன கோலம் என்று கேட்டாவாம். அத்தான் விளங்கப்படுத்தினார். செங்கல் இருக்கிறது, வெளியே போகாது என்றார். செங்கல்லுக்குக் கீழே நிலம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தோட்டக்காரர் வீட்டில் பிறந்த ஆள். பிள்ளையாரின் புல், சொன்னால் கேட்கும் என்று நம்பினாரோ என்னவோ!

அது கேட்கவில்லை. நிலத்துக்குக் கீழால் ஓடிப் பக்கத்துப் பாத்தியில் தலையைக் காட்டியது. பக்கத்துப் பாத்தி ஒரு கிரேக்க அம்மாவுடையது. புருசன் போன நாளிலிருந்து கறுப்பு உடுப்பைத் தவிர வேறு உடுத்ததில்லை. குள்ளமான ஆள், கோபம் மூக்கு நுனியில். அவருடைய பாத்தியைப் பார்த்தால் சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் குழந்தைப்பிள்ளைத் தொட்டில் அளவுக்கு, வளைந்த கம்பிகளில் பிளாஸ்டிக் போர்த்திய ஒரு கூடாரம். பனிக்கு ஒதுக்கமாக அதற்குள் நாற்று வளர்ப்பார். அப்பேர்ப்பட்ட பாத்திக்குள் எங்கள் அறுகு நுழைந்தால் விடுவாரா? கண்ட இடத்தில் பிடுங்கி, தன் பாஷையில் நாலு ஏச்சு ஏசி, "மிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு எங்கள் பக்கம் வீசி எறிவார். அத்தான் குனிந்து அதைப் பொறுக்கி, மண்ணை உதறி, "தாங்க்யூ மிஸிஸ்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பிள்ளையாருக்கு வைப்பார். அந்தத் தாங்க்யூவைக் கேட்டால் அவருக்கு இன்னும் ஏறும். ஒருநாள் அத்தான் போனில் பிள்ளையாரின் படத்தைக் காட்டி, இவருக்குத்தான் இந்தப் புல் என்று சொல்லியிருக்கிறார். கிரேக்க அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "யானைக்குப் பசி எண்டால் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டு போ" என்ற கருத்தில் ஏதோ சொன்னாவாம். வருசக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது.

பிறகு ஒரு பங்குனியில் அத்தானுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. நெஞ்சைத் திறந்து செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்கும் வந்துவிட்டார், ஆனால் வந்தவர் பழைய ஆளாக வரவில்லை. ரீவிக்கு முன்னால் ஒரு கதிரையில் இருப்பார். ரீவியில் சத்தம் இருக்காது. இருமும்போது நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். இருமல் நின்று, காயம் ஆறி, வைத்தியரே இனி வெளியே நடந்து திரியுங்கோ என்று சொன்ன பிறகும் அவர் அந்தத் தலையணையைக் கையால் விடவில்லை. சாப்பிடும்போதும் மடியில் அது. கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் பதில். எங்களைச் சிரிக்கவைத்த மனுசன் அப்படி இருப்பதைப் பார்க்க என்னால் ஏலவில்லை. அக்காவின் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது காருக்குள் இருந்து அழுதிருக்கிறேன்.

அந்த நிலைமையில்தான் பாத்தியில் செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அது அந்தத் தோட்டத்து வழக்கம். கவனிக்காமல் காடு பற்றின பாத்தியின் முன் கட்டையில் ஒரு நாடாவைக் கட்டிவிடுவார்கள். எல்லாரும் கூடி வேலை செய்கிற குளிர்காலச் சிரமதான நாளுக்குள் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்தி வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். தலைவி அக்காவைப் போனில் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னா. அறுகு இனி ஒரு துரும்பும் இருக்கக் கூடாது, மூலையில் இருக்கிறதும் போக வேண்டும் என்று அதையும் சேர்த்துச் சொன்னா. அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அந்தப் பாத்தியும் போச்செண்டால் இந்த மனுசன் கதிரையால எழும்பாது, நீ பார்" என்றாள். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், குனிய ஏலாது. பிள்ளைகள் ஒன்று சிட்னியில், ஒன்று லண்டனில். மிச்சம் யார்? மண்ணைக் கண்டால் கைகழுவ ஓடுகிற நான்.

ஆனி மாதத்து மெல்பேர்ன் குளிரைப் பற்றி என்னத்தைச் சொல்ல! தென்துருவத்திலிருந்து நேரே புறப்பட்டு வருகிற காற்று, இடையில் என்னைத் தவிர வேறு எதையும் சந்திக்கவில்லை என்ற மாதிரி அடித்தது. முதல் ஞாயிறு போய்ப் பார்த்ததும் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. பால் வடிகிற முள்ளுச்செடி இடுப்பளவுக்கு நின்றது. அதற்குக் கீழே மஞ்சள் பூப் பூத்த புளியாரை பாய் விரித்த மாதிரி. அவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்த பிறகு பார்த்தால், குளிரில் வைக்கோல் நிறமாகிச் செத்த மாதிரிப் படுத்துக் கிடக்கிறது அறுகு. சாகவில்லை, நித்திரை. நான் கொட்டிலிலிருந்து அத்தானின் உழவாரத்தை எடுத்தேன். ஊரில் புல்லுச் செருக்குகிற தகட்டு ஆயுதம், அத்தான் ஊருக்குப் போன இடத்தில் கொல்லனிடம் அடிப்பித்துக்கொண்டு வந்தது. சிறுவயதில் முற்றத்தில் புல்லுச் செருக்குகிறதைப் பார்த்த ஞாபகத்தில், சரக் சரக்கென்று மேலால் செருக்கிக்கொண்டு போனேன். கொஞ்சத்தில் நிலம் வெளித்தது. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு நிமிர்ந்தேன்.

கிரேக்க அம்மா பாய்ந்து வந்து உழவாரத்தை என் கையிலிருந்து பறித்துவிட்டார். "வெட்ட வேண்டாம்! நீ வெட்டு, அது குட்டி! நீ வெட்டு, அது குட்டி!" என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினார். குனிந்து நான் செருக்கின இடத்தை விரலால் கிண்டி, நிலத்துக்குள் இருந்து ஒரு வெள்ளைத் தண்டை இழுத்துக் காட்டினார். கணுவுக்குக் கணு முளை. வந்தது, வந்துகொண்டே இருந்தது, இடியாப்பச் சிக்கல் என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன். துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதுப்புல். பிறகு தன்னுடைய நாலு பல் உள்ள நீட்டு முள்ளைக் கொண்டுவந்து, மண்ணை ஆழத்தில் கிளப்பி, தண்டு அறாமல் மெள்ள மெள்ள உருவ வேண்டும் என்று செய்து காட்டினார். காட்டிவிட்டுப் போவார் என்று பார்த்தால், போகவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் இருந்து தானும் உருவத் தொடங்கினார். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை, என் பாத்தியைக் காப்பாற்றத்தான் என்பது அந்த முகத்தில் நன்றாகவே தெரிந்தது. கனநேரம் கழித்து, கையை நிறுத்தாமல், "மிஸ்டர் செத்தாச்சோ?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, இருதயத்தில் ஒப்பரேசன், வீட்டில் இருக்கிறார், ஆனால் எழும்ப மனமில்லை என்றேன். கிரேக்க அம்மா நெஞ்சில் சிலுவை போட்டார். மறுபடி குனிந்தார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் போகும்போது எனக்கு முதலே வந்து நின்றார்.

பாத்தி முழுக்க முடிந்து மூலை மட்டும் மிஞ்சியது. செங்கல்லுக்கு நடுவில் பிள்ளையாரின் புல். கிரேக்க அம்மா முள்ளை ஊன்றிக்கொண்டு, என்ன யோசிக்கிறாய், கிண்டு என்று நிற்கிறார். வீட்டில் அக்காவோ முதலே சொல்லிவிட்டாள், "எடியே, மூலையில மட்டும் கைவைச்சிடாதை. இவர் இப்பிடிக் கிடக்கிற நேரம் பிள்ளையாற்ற புல்லைப் பிடுங்கி ஏதும் நடந்துதெண்டால்!" எனக்குச் சாமி பக்தி மட்டுமட்டு. ஆனால் அந்த நெஞ்சைத் திறந்து மூடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கும் கை வரவில்லை. பிடுங்காவிட்டால் பாத்தி போய்விடும், பாத்தி போனால் அத்தான் கதிரையோடு முடிந்தார். பிடுங்கினால் அவர் ஆசையாக நட்டது போய்விடும். மறைத்துச் செய்ய விருப்பமில்லை. அப்படியே சேற்றுச் சப்பாத்தோடு அக்கா வீட்டுக்குப் போய் அத்தானுக்கு முன்னால் நின்று, மூலையும் போகவேணுமாம் அத்தான், என்ன செய்ய என்று கேட்டேன்.

சத்தமில்லாத ரீவியிலிருந்து அவர் கண்ணை எடுத்தார். பிறகு, "என்னத்தால கிண்டுறாய்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. முள்ளால் என்றேன். "ஆழமாயோ?" முழங்கை மட்டும் போகுது என்றேன். கிரேக்க அம்மா உழவாரத்தைப் பறித்த கதையையும் சொன்னேன். அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணியது. "அப்ப மூலையையும் கிண்டு பிள்ளை. ஒரு கணு கிடந்தாலும் திரும்ப வரும். விடாதை." அக்கா குறுக்கே விழுந்தாள், "என்னப்பா கதைக்கிறியள்?" "ஏன், பிள்ளையார் என்ன, புல்லுக்கோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?" என்றார் அத்தான். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். தலையணையை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

கிண்டினேன். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி, கிரேக்க அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, கடைசித் தண்டு வரைக்கும் உருவி எடுத்தோம். குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல், கடலைக் கோதைத் தூக்கிப் போடுகிற மாதிரி முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு போட்டேன். அன்றைக்குக் கிரேக்க அம்மா ஏசவில்லை.

சிரமதான ஞாயிறும் ஆடிப்பிறப்பும் அந்த வருசம் ஒரே நாளில் வந்தன. அக்காவுக்கு ஆடிப்பிறப்பைக் கூழ் காய்ச்சாமல் விட முடியாது, சிரமதானத்தையும் விட முடியாது. இரண்டையும் சேர்த்துவிட்டாள். பனங்கட்டிக் கூழைப் பெரிய தேர்மஸ் போத்தல்களில் ஊற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். கூடவே அத்தானையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு சுவெற்றர், குரங்குத் தொப்பி, கையில் அந்தத் தலையணை. வரமாட்டேன் என்று நின்றவரை, கூழுக்கு ஆள் பிடிக்கத் தனக்கு வெட்கம், ஆங்கிலம் கதைக்க ஒரு ஆள் வேணும் என்று சொல்லிக் கூட்டிவந்தாளாம். குளிரில் விறைத்துப்போய் நின்ற சனம் கூழைக் கண்டதும் மொய்த்துவிட்டது. வியட்நாம்காரர், இத்தாலிக்காரர், தலைவி எல்லாரும் காகிதக் கோப்பையில் ஊதி ஊதிக் குடித்தார்கள். தேங்காய்ச் சொட்டு கடிபட்டதும் ஒருத்தர் இது என்ன கொட்டையோ என்று வெளியே எடுத்துப் பார்த்தார். தலைவி ஒரு கையில் கோப்பையோடு எங்கள் பாத்தியைச் சுற்றிவந்து, குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்து, கட்டையில் இருந்த நாடாவை அவிழ்த்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டா. பாத்தி தப்பிவிட்டது. எனக்குச் சந்தோசத்தில் துள்ள வேண்டும் போல இருந்தது.

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாத்தியைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறுத்த ஈர மண், செங்கல் இருந்த அடையாளம், அவ்வளவுதான். "நல்ல வடிவாய்த் துப்புரவாக்கி இருக்கிறாய் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "போவமே?" என்றார். வந்து பத்து நிமிசம்கூட ஆகியிராது. அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் அக்காவைப் பார்க்கிறேன்.

அந்த நேரம்தான் கிரேக்க அம்மா தன்னுடைய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்து, புறுபுறுத்துக்கொண்டே எதையோ இழுத்து எடுத்தார். ஐஸ்கிரீம் பெட்டி. அதற்குள் ஒரு கொத்து அறுகு. ஊர் முழுக்க அறுகு வைக்கோலாகக் கிடக்கிற குளிரில் அது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. கள்ளப்புல் அவருடைய கூடாரத்துக்குள்ளும் பூந்து, அந்தக் கணகணப்பில் நித்திரைகூடக் கொள்ளாமல் வளர்ந்திருக்கிறது. கண்டவுடன் பிடுங்கி எறிகிற மனுசி அதைப் பிடுங்கிப் பெட்டியில் நட்டிருக்கிறார். நேரே அத்தானிடம் வந்து பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி அடிப்பக்கத்தைக் காட்டினார். "பார் மிஸ்டர். கதவு இல்லை. ஜெயில்" என்றார். பிறகு கீழே இறக்கி நீட்டினார். "உன்ர யானைக்கு."

அத்தானுக்கு ஒரு கை போதவில்லை. தலையணையை அக்காவிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "தாங்க்யூ மிஸிஸ்" என்றார். கிரேக்க அம்மா வழக்கம்போல ஏதோ ஏசிவிட்டுக் கூழ் இன்னொரு கோப்பை கேட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அத்தான் கடைசி ஆள் வெளிக்கிடும்வரை தோட்டத்தில் நின்றார். தலையணை, அக்கா கொண்டுபோய்ப் போட்டபடி காரின் பின்சீற்றிலேயே கிடந்தது. அதை மறுபடி அவர் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு அத்தான் நல்ல சில வருசங்கள் எங்களோடு இருந்தார். என் வாசலில் பைகள் மறுபடி தொங்கின. போகும்போது அலைக்கழியாமல், ஒரு மத்தியானம் நித்திரையிலேயே போனார். பாத்தியை என் பெயருக்கு மாற்றித் தந்தார்கள். பெட்டியை அக்கா என்னிடம் தந்துவிட்டாள். மண் பிடிக்காத நான் இப்போது ஞாயிறு தவறாமல் அங்கே போகிறேன், நகத்துக்குள் மண்ணோடேயே வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன். கிரேக்க அம்மா வழக்கம்போலப் பக்கத்தில் நின்று என்னை ஏசிக்கொண்டிருந்தார். போன வருசம் கொஞ்சம் கொஞ்சமாக வருகை குறைந்தது. வந்தாலும் நட்ட இடத்திலேயே திரும்ப நட்டார். பிறகு வரவே இல்லை. மகன் அவரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார் என்று தலைவி சொன்னா. இந்தக் குளிர்காலம் அவருடைய பாத்தியிலும் செம்மஞ்சள் நாடா ஏறியது. மகன் வந்து, அம்மா இனித் திரும்பமாட்டா, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். புது ஆளுக்குக் கொடுக்க முதல் துப்புரவாக்க யாராவது வேண்டும் என்றபோது நான் கையை உயர்த்தினேன்.

சாப்பாட்டு மேசை மாதிரி இருந்த பாத்தியில் இப்போது முள்ளுச்செடியும் புளியாரையும், அதற்குக் கீழே எங்கள் அறுகும். அவர் வராத காலத்தில் தன் எண்ணத்துக்கு ஓடியிருக்கிறது. நான் அவருடைய முள்ளாலேயே கிளப்பி, தண்டு அறாமல் மெள்ள மெள்ள உருவினேன். ஒரு துண்டையும் விடவில்லை. விட்டால் அவருக்குப் பொறுக்காது. வேலையை முடித்துவிட்டு மகனுக்குப் போன் எடுத்து, அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்கள், ஆனால் ஒன்றும் கதைக்கமாட்டா. என்னையே தெரிகிறதில்லை" என்றார்.

போன வெள்ளிக்கிழமை போனேன். பூவோ இனிப்போ கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிக்கிடுகிற நேரம் என்னவோ தோன்றி யன்னலில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டேன். கறுப்பு உடுப்புக்குப் பதிலாக யாரோ பூப்போட்ட மேற்சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு சாய்வு நாற்காலியில், யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அத்தானின் கதிரை ஞாபகம் வந்தது. கையைப் பிடித்தேன், பெயரைச் சொன்னேன், தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்த கண் சுவரைப் பார்த்த மாதிரித்தான் பார்த்தது. வேறு வழி தெரியாமல் பெட்டியைத் தூக்கி அவருக்கு முன்னால் இருந்த தட்டுப் பலகையில் வைத்தேன்.

கண் பெட்டியில் விழுந்தது. பிறகு புருவம் மெள்ள நெரிந்தது. தொண்டைக்குள் ஒரு உறுமல் கிளம்பி, அந்தப் பழைய ஏச்சு, ஒரு சொல்லும் குறையாமல் வெளியே வந்தது. கை நேரே மண்ணுக்குள் போனது. ஒரு தண்டைக் கணுவோடு பிடித்தார், அறாமல் உருவினார், பலகையின் ஓரத்தில் தட்டி மண்ணை உதறினார், "மிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு என் மடியில் எறிந்தார். அறைக்கு வெளியே நின்ற தாதி ஓடிவந்தாள். நான் கையைக் காட்டி, பேசாமல் நில் என்றேன். கிரேக்க அம்மா ஒவ்வொன்றாக உருவி உருவி எறிந்துகொண்டிருந்தார், கன்னம் சிவந்துபோய், பழைய ஆளாக. அத்தானின் புல் முழுவதும் என் மடிக்கு வந்து சேரும்வரை அவர் நிறுத்தவில்லை. நான் ஒன்றையும் விடாமல் பொறுக்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, "தாங்க்யூ மிஸிஸ்" என்றேன். அதற்கும் ஏசினார்.

வீட்டுக்கு வந்து, அறுகைக் கழுவிப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு, பெட்டியைப் பழையபடி குசினி யன்னலில் வைத்தேன். உள்ளே வெறும் மண்தான். இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.